துக்கத்தில் தேர்ச்சி

எங்கள் பையன் ராணுவத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்பது எங்களுக்கு ஒரு தொப்பியால்தான் தெரிய வந்தது. செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற கடையில் வேலை பார்ப்பவன் எதற்காகப் பச்சைத் தொப்பியோடு வீட்டுக்கு வருகிறான் என்று அவன் அம்மா கேட்டாள். பேருந்து நிலையத்தில் ஆள்சேர்ப்பு முகாம் போட்டிருக்கிறார்களாம். கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தொப்பி இலவசமாம்.

"தொப்பிக்காகவாடா கையெழுத்துப் போட்டே?"

"இல்லம்மா. வேலை நிரந்தரம்னு சொன்னாங்க."

ராணுவத்தில் எதை நிரந்தரம் என்கிறார்கள் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு எதிர்த்துப் பேச வராது. பழைய துணிகளை ஆல்டர் செய்து கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டு இடுப்பை வைத்துக்கொண்டு "முப்பத்திநாலு போதும்" என்று அடம்பிடிப்பவரிடம் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, முப்பத்தெட்டாகவே தைத்துக் கொடுப்பேன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. தலையாட்டி பொம்மை என்பாள் என் மனைவி. அதற்கும் தலையாட்டுவேன்.

தொப்பியோடு ஒரு கையேடும் கொடுத்திருந்தார்கள். "சேரும் முன் எதிர்பார்க்க வேண்டியவை" என்று அட்டையில் போட்டிருந்தது. எழுபத்திரண்டு பக்கம். சேருகிறவன் எதிர்பார்க்க வேண்டியதெல்லாம் முதல் எட்டுப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. முடி வெட்டுவார்கள், விடியுமுன் எழுப்புவார்கள், பூட்ஸ் கடிக்கும். மீதி அறுபத்திநாலு பக்கமும் அவனைப் பெற்றவர்களுக்கு.

விண்ணப்பதாரர் பணியில் உயிர்நீத்தால் அந்தச் செய்தியைக் கண்ணியமாகப் பெற்றுக்கொள்ளும் தகுதி குடும்பத்துக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பார்களாம். இதற்கு வீரமரண அறிவிப்பு ஒத்திகை என்று பெயர். நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. மூன்று வாய்ப்புகள் தரப்படும். மூன்றிலும் குடும்பம் தவறினால் விண்ணப்பதாரரின் கோப்பு மூடப்படும், மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

என் மனைவி அந்தக் கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"மூணு தடவையும் ஃபெயிலானா?"

"கோப்பை மூடிடுவாங்க."

"மூடிட்டா?"

"பழையபடி கண்ணாடி ஒட்டப் போவான்."

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. ஒரே பிள்ளை. அவனைத் தடுக்கத் திட்டிப் பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ராணுவமே ஒரு வழியைக் காட்டிவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது.

முதல் ஒத்திகை செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. பத்து ஐம்பத்தெட்டுக்கே வந்து, இரண்டு நிமிஷம் படிக்கட்டில் நின்றுவிட்டு, பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். மூன்று பேர். நரைத்த மீசையோடு ஓர் அதிகாரி. பரீட்சை அட்டையும் ஸ்டாப்வாட்சுமாக ஓர் எழுத்தர். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டு, ராணுவ ஊதுகொம்பான பியூகிளை ஊதுகிறவர் ஒருவர்.

"இறந்தவர் யாரு?" என்று எழுத்தர் கேட்டார்.

"நான்தான் சார்" என்று பையன் கையைத் தூக்கினான்.

"நீங்க இங்க இருக்கக் கூடாது. பாத்ரூம்ல இருங்க. சத்தம் வரக் கூடாது."

அவன் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதும் மூவரும் வெளியே போய் மறுபடி கதவைத் தட்டினார்கள். என் மனைவி திறந்தாள். எப்படியெல்லாம் தவறுவது என்று முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தாள். ஆனால் கதவைத் திறந்ததும் வாயில் வந்தது வழக்கமாக வருகிறதுதான்.

"வாங்க, வாங்க. உள்ள வந்து உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்களே, தண்ணி கொண்டு வரட்டுமா?"

எழுத்தர் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். "அறிவிக்க வந்தவரை வரவேற்றல். இருபது மதிப்பெண் கழிவு."

அதிகாரி பொறுமையாக விளக்கினார். "அம்மா, நாங்க விருந்தாளி இல்ல. எங்களைப் பார்த்ததும் நீங்க ஒரு அடி பின்னால போகணும். வலது கை நெஞ்சுக்கு வரணும். படம் போட்டிருக்கோம், முப்பத்தோராம் பக்கம்."

பிறகு ஒரு தாளைப் பிரித்துத் தேசத்தின் ஆழ்ந்த வருத்தத்தை வாசித்தார். மடித்த கொடியை அவள் கையில் வைத்தார். என் மனைவி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. கொடியைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யாருங்க இதை மடிச்சது? மூலையே சேரலையே." உதறிப் பிரித்து, நான்கு மடிப்பில் கச்சிதமாக மடித்து அதிகாரி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். எழுத்தர் வேகமாக எழுதினார். அந்த நேரம் பார்த்து ஊதுகிறவருக்கு மூச்சு திரும்பிவிட்டது. பியூகிளை எடுத்து ஊதினார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அந்தச் சத்தம் என் பல்லை ஆட்டியது. பாத்ரூமுக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

கீழ்வீட்டுக்காரர் நிஜமென்று நினைத்துச் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்து, வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எழுத்தர் ஆசையோடு அவரைப் பார்த்தார். "இவர் சொந்தமா?" இல்லை என்றேன். "அடடா" என்று எழுத்தர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இந்த அழுகைக்கு முப்பத்தஞ்சு போட்டிருக்கலாம்."

மொத்தம் பதினொன்று. "இறந்தவர் இருமினார்" என்று ஐந்து கழித்ததும் அதில் சேர்ந்தது.

அதிகாரி எங்களை உட்கார வைத்து, தான் நின்றபடி பேசினார். "உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். எதிரி எப்ப வருவான், அது நம்ம கையில இல்ல. துப்பாக்கி சுடுமா சுடாதா, அதுவும் நம்ம கையில இல்ல. சாப்பாடு போய்ச் சேருமா, தெரியாது. ஆனா செய்தி சொல்றது மட்டும் முழுக்க முழுக்க நம்ம கையில இருக்கு. அதுல நாங்க குறை வைக்கறதில்ல. போன சண்டையில செய்தி சொல்லப் போன அதிகாரிங்கள்ல பன்னண்டு பேருக்கு ரத்தக் கொதிப்பு. ஒருத்தரை ஒரு அம்மா துடைப்பத்தால அடிச்சுட்டாங்க. எங்க பக்கத்துச் சேதத்தையும் பார்க்கணும் இல்லையா?"

"பாவம்தாங்க" என்றேன். எனக்குத்தான் எதிர்த்துப் பேச வராதே.

கிளம்பும்போது அதிகாரி பழக்க தோஷத்தில் "அப்ப நாங்க போயிட்டு வர்றோம்" என்றார்.

"வராதீங்க" என்றாள் என் மனைவி.

நாற்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு வகுப்பு கட்டாயம். சனிக்கிழமை கடையை மூடிவிட்டுப் போனேன். ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் மாடியில் நீளமான கூடம், மடக்கு நாற்காலிகள், சத்தம் போடுகிற மின்விசிறி. என்னைப் போல ஐம்பது அறுபது பெற்றோர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி கொடுத்த அம்மாள் கையில் பிரம்பு வைத்துக் கரும்பலகையைத் தட்டினார்.

"எடுத்த எடுப்புல கதறக் கூடாது. முதல்ல 'இருக்காது'ன்னு சொல்லணும். மூணு வினாடி இடைவெளி. அப்புறம் 'நல்லா பார்த்தீங்களா'ன்னு கேக்கணும். அதுக்கப்புறம்தான் கண்ணீர். எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க."

"இருக்காது" என்று அறுபது பேரும் சொன்னோம்.

"பின் வரிசை சத்தம் பத்தல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் பேருந்து ஓட்டுநர். இரண்டு பிள்ளைகளுக்கும் தேர்ச்சி பெற்றுவிட்டாராம். மூத்தவனுக்கு எழுபத்தெட்டு, இளையவனுக்குத் தொண்ணூற்றிரண்டு. சான்றிதழை லாமினேட் செய்து பையிலேயே வைத்திருந்தார். "அப்புறம் ஏன் வந்தீங்க?" என்று கேட்டேன். "டச் விட்டுப் போயிடக் கூடாதில்ல" என்றார். இளையவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டதற்கு, ஏழு மாதமாகக் கடிதம் இல்லை என்று சொல்லிவிட்டு, சான்றிதழில் இருந்த தூசியைச் சட்டையால் துடைத்தார்.

இரண்டாவது ஒத்திகையில் என் மனைவி சரியாகத் தயாராக இருந்தாள். கதவைத் திறந்தவள் வாயே திறக்கவில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, என் சட்டைக்குப் பித்தான் தைக்க ஆரம்பித்தாள். அதிகாரி தேசத்தின் ஆழ்ந்த வருத்தத்தை வாசித்து முடித்தார்.

"ஓ, அப்படியா" என்றாள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

எழுத்தரின் பேனா நின்றுவிட்டது. அதிகாரி தாளை மடித்தார். "அம்மா, உங்க பையன் செத்துட்டான்னு சொல்றேன்."

"கேட்டுச்சு. பாத்ரூம்லதானே இருக்கான். வெளிய வந்தா பால் வாங்கிட்டு வரச் சொல்லணும்."

மதிப்பெண் நான்கு. அதுவும் கதவைத் திறந்ததற்காக. அதிகாரி நிஜமாகவே நொந்துபோனார். "நீங்க ஒத்துழைக்கலேன்னா உங்க பையனுக்கு எப்படிம்மா ஒரு நல்ல சாவு கிடைக்கும்?" என்று கேட்டார். இப்படிக் கேட்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முகத்தில் அக்கறை மட்டும்தான் இருந்தது.

அவர்கள் போனதும் பையன் குதித்தான். "வேணும்னே பண்றீங்க! வாழ்நாள் பூரா அடுத்தவன் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டே இருக்கணுமா நான்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்காக அழுதா என்னம்மா?"

"உனக்காக அழக் கூடாதுன்னுதான்டா இத்தனையும்" என்றாள். அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

மூன்றாவது ஒத்திகைக்குக் கடிதம் வந்தது. தாயாரின் உணர்ச்சி போதுமானதாக இல்லாததால், தந்தையார் முதன்மைத் துக்கதாரராக நியமிக்கப்படுகிறார். அறிவிப்பு அவர் வேலை செய்யும் இடத்தில் வழங்கப்படும். விண்ணப்பதாரர் சீருடையில், இருமல் கேட்காத தூரத்தில் நிற்க வேண்டும். தாயார் அந்த இடத்தில் இருக்கக் கூடாது.

என் மனைவி என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டாள். "இங்க பாருங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். உங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும். சும்மா நின்னா போதும். வாயைத் திறக்க வேண்டாம், தலையாட்ட வேண்டாம். மரம் மாதிரி நில்லுங்க. நின்னுடுவீங்களா?"

"நின்னுடுவேன்" என்றேன். சும்மா நிற்பது ஒன்றுதான் உலகத்தில் எனக்கு நன்றாக வருகிற காரியம். அவள் அன்றைக்கு நிம்மதியாக வேலைக்குப் போனாள். நானும் நம்பிக்கையோடுதான் கடையைத் திறந்தேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். நான் மெஷினை விட்டு எழுந்து, இன்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி நின்றேன். அதிகாரி வாசித்தார். நான் எதிரே அலமாரியில் அடுக்கியிருந்த நூல்கண்டுகளை எண்ணினேன். கறுப்பு பதினான்கு, வெள்ளை ஒன்பது, காக்கி ஆறு. ஆழ்ந்த வருத்தம் முடிந்தது. கொடியைக் கையில் வைத்தார்கள், வாங்கிக்கொண்டேன். பியூகிள் ஊதினார்கள், கேட்டுக்கொண்டேன். "ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?" என்று அதிகாரி கெஞ்சுகிற மாதிரி கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

எழுத்தர் அட்டையில் வரிசையாக முட்டை போட்டார். "இன்னும் நாப்பது வினாடி இருக்கு சார். ஆனா ஒண்ணும் தேறாது."

அதிகாரி பெருமூச்சு விட்டார். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டோம். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒருவரிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் ராணுவத்திடம். இந்தச் சந்தோஷத்தில் கடை வாசல் வழியாக வெளியே பார்த்துத் தொலைத்தேன்.

தெருவுக்கு அந்தப் பக்கம், பேருந்து நிறுத்தத்தின் பக்கத்தில் பையன் நின்றுகொண்டிருந்தான். இறந்தவன் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றான். ராணுவத்தில் பேண்ட் எல்லாம் ஒரே நீளம்தானாம். அவனுக்கு அது நீளமாக இருந்தது. இரண்டு காலும் பூட்ஸுக்கு மேலே சுருண்டு, பின்பக்கம் தரையில் புரண்டுகொண்டிருந்தது. ஓடினால் மிதிப்பான். மிதித்தால் விழுவான். இந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு எங்கேயோ ஓடப் போகிறான், பின்னால் சுட்டுக்கொண்டு வருவார்கள், அங்கே இதை மடித்துத் தைக்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அவன் என்னைப் பார்த்துவிட்டு, புருவத்தை உயர்த்தி, உதட்டசைவிலேயே "பாஸா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முழங்கால் மடிந்து, வெட்டுத்துணிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கொடியை முகத்தில் வைத்துக்கொண்டு, என் அப்பா செத்தபோதுகூட அழாத அழுகையை அழுதேன்.

"சார், பதினெட்டு வினாடி பாக்கி இருக்கு! கணக்குல வரும்!" என்று எழுத்தர் கத்தினார். பேனா பறந்தது. "கால் தளர்தல், இருபது. தானாக வந்த கண்ணீர், நாப்பது. கொடியை நெஞ்சோட... இல்ல, முகத்தோட சேர்த்தல், அதுக்குத் தனிப் பிரிவே இல்லையே சார்."

"முட்டையெல்லாம் அடிச்சிட்டு முழுசாப் போடு" என்றார் அதிகாரி.

தொண்ணூற்றேழு. தண்ணீர் கேட்காததற்காக மூன்று கழித்தார்களாம். அதிகாரி என்னைத் தூக்கி நிறுத்திக் கையைக் குலுக்கினார். "பதினாலு வருஷ சர்வீஸ்ல நான் இப்படி ஒரு அப்பாவைப் பார்த்ததில்ல. உங்க பையன் செத்தா, நானே நேர்ல வந்து சொல்றேன்." இதை அவர் ஒரு மரியாதையாகத்தான் சொன்னார்.

அழுததை அழித்து எழுத முடியுமா என்று எழுத்தரிடம் கேட்டேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் மதிப்பெண் போதவில்லை என்றால் மட்டும்தான் என்றார். நான் நடித்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நடிச்சாலும் செல்லும்" என்றார்.

பையன் தெருவைக் கடந்து ஓடி வந்தான். நான் பயந்தபடியே நடுவில் ஒரு தடவை பேண்ட்டை மிதித்துத் தடுமாறினான். வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "அப்பா, பின்னிட்டீங்கப்பா! எனக்காகத்தானே பண்ணீங்க? அம்மா சொன்னதைக் கேக்காம எனக்காகப் பண்ணீங்கள்ல?" அவன் பத்து வயதுக்குப் பிறகு என்னைக் கட்டிப்பிடித்ததே இல்லை. தலையாட்டினேன்.

தேர்ச்சி பெற்றவர்களை அன்றைக்கே அழைத்துப் போவார்களாம். வண்டி தெருமுனையில் நின்றது. அம்மா வேலையிலிருந்து வரட்டும் என்றேன். தாயார் விடைபெறுவது வேறு படிவம், அதற்குப் பதினைந்து நாள் ஆகும் என்றார் எழுத்தர்.

"பேண்ட்டையாவது மடிச்சு விடறேன், நில்லுடா" என்று நடைபாதையிலேயே மண்டியிட்டேன். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, இடது காலை மடித்து, கைத்தையலாகவே சுற்றித் தைத்தேன். அவசரத்தில் தையல் நெளிந்தது. வலது காலுக்கு வருவதற்குள் வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டான். "போதும்பா, அங்க பாத்துக்கறேன்" என்று காலை உருவிக்கொண்டு ஓடினான். வண்டி திரும்புகிறவரைக்கும் நான் மண்டியிட்டபடியே இருந்தேன்.

கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே வந்திருந்தாள். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த சான்றிதழைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"எவ்வளவு?"

"தொண்ணூத்தியேழு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "சும்மா நிக்கத்தானே சொன்னேன்" என்றாள்.

"நின்னேன். பதினெட்டு வினாடிதான் பாக்கி. பேண்ட் நீளமா இருந்துச்சு."

அவள், "எவ்வளவு நீளம்?" என்று கேட்டாள்.

ஒரு கால்தான் தைத்தேன், இன்னொன்று அப்படியே போய்விட்டது என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, இரண்டு அங்குலம் என்று காட்டினேன். அந்த இரண்டு அங்குலத்தைப் பார்த்ததும் அவள் ஓவென்று அழத் தொடங்கினாள்.